நிகழ்ச்சிக்கு வாக்கிடாக்கியும் ஹாம் ரேடியோவும்: அடிக்கடி வர்ற கேள்விகள்

சிங்கப்பூர்ல சிசில (சமூக மன்றத்துல) பொங்கல் விழா, கோயில் திருவிழா, குடும்ப தினம், ஓட்டப்போட்டின்னு எது நடந்தாலும் ஏற்பாடு பண்றவங்கள்ல யாராச்சும் ஒருத்தர் "அண்ணே உங்ககிட்டதான் ரேடியோ இருக்கே" ன்னு ஆரம்பிச்சுடறாங்க. அப்புறம் வர்ற கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போச்சு, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி கீழ பதில் போட்டிருக்கேன். மேலேர்ந்து வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னத திரும்ப சொல்லல.

ஹாம் ரேடியோன்னா ஒலி 96.8 மாதிரி நீங்க சொந்தமா ஒரு ஸ்டேஷன் நடத்துறீங்களா?

இல்லைங்க. ஒலி பேசும், நாம கேப்போம், அது ஒருவழி. ஹாம்ங்கறது பொழுதுபோக்கா பண்ற ரேடியோ, இதுல ரெண்டு பக்கமும் பேசுவோம், பாட்டு போடக்கூடாது, விளம்பரம் கூடாது. பரிட்சை எழுதி பாஸ் பண்ணி ஐஎம்டிஏ கிட்ட (தகவல் தொடர்பைக் கவனிக்கற அரசாங்க ஆணையம்) லைசென்ஸ் வாங்கினவங்க மட்டும்தான் பேசலாம். அனைத்துலக விதிப்படி இதோட நோக்கமே தானா கத்துக்கறது, ஒருத்தரோட ஒருத்தர் தொடர்பு வச்சுக்கறது, தொழில்நுட்பத்த ஆராயறது, அதுவும் காசு ஆசை இல்லாம.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு கால்சைன், அதாவது அடையாளக் குறி உண்டு. சிங்கப்பூர்னா பெரும்பாலும் 9வி1ன்னு ஆரம்பிக்கும். வெள்ளக்காரன் காலத்துல விஎஸ்1, மலேசியாவோட சேந்திருந்த கொஞ்ச நாள் 9எம்4, தனி நாடானப்புறம் 9வி1. பழைய ஆளுங்க வீட்டு அலமாரில அந்தக் கால தொடர்பு அட்டைங்க (பேசினதுக்கு சாட்சியா ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கறது) இருந்தா வாங்கிப் பாருங்க, நாட்டோட சரித்திரம் கால்சைன்லயே இருக்கும்.

எல்லார் கைலயும் ஃபோன் இருக்கு, 5ஜி வேற வந்தாச்சு, இன்னும் எதுக்கு இந்த டப்பா?

மெரினா பேல புத்தாண்டு கவுண்ட்டவுன் முடிஞ்ச கையோட ஒரு ஃபோட்டோ அனுப்ப முயற்சி பண்ணவங்களுக்கு பாதி பதில் தெரிஞ்சிருக்கும். ஒரே எடத்துல கூட்டம் சேந்து எல்லாரும் ஒரே நேரத்துல ஃபோன எடுத்தா டவர் திணறும். 2013 ஏப்ரல் 15 பாஸ்டன் மாரத்தான்ல குண்டு வெடிச்சப்ப மொபைல் நெட்வொர்க் நெரிசல்ல ஃபோன் போகாம ஜனங்க தவிச்சாங்க, ஆனா ஓடுபாதை நெடுக மருத்துவ முகாம்லயும் பஸ்லயும் ஏற்கனவே நின்னுக்கிட்டிருந்த ஹாம் தொண்டர்கள் அவங்க பாட்டுக்கு வேலைய பாத்தாங்க. அவங்க குண்டுக்காக வந்தவங்க இல்ல, வருஷா வருஷம் வர்றவங்க, அதனாலதான் அன்னிக்கு உதவ முடிஞ்சது.

ஆனா என்னைக் கேட்டா நெரிசல் ரெண்டாவது காரணம்தான். முதல் காரணம், ஃபோன்ல ஒருத்தர்கிட்ட சொன்னா ஒருத்தருக்குத்தான் தெரியும், ரேடியோல சொன்னா எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியும். "ரெண்டாம் நம்பர் கூடாரத்துல தண்ணி முடிஞ்சுது" ன்னு ஒருத்தர் சொல்றத தண்ணி வண்டிக்காரரும் கேக்குறாரு, கேட்டுட்டு "நான் போறேன்" ங்கறாரு, முடிஞ்சுது. இதே விஷயம் நாப்பது பேர் வாட்ஸ்அப் குரூப்ல போனா அதுக்கு மேல நாலு கட்டைவிரல், ஒரு காலை வணக்கம் ரோஜாப்பூ, யாரோட காரோ வழிய மறிக்குதுன்னு ஒரு படம், தண்ணி மேட்டர் அடில போயிரும்.

அப்ப ஃபோன்லயே ஜெல்லோ மாதிரி பட்டன அமுக்கிப் பேசற புஷ்-டு-டாக் ஆப் போட்டுக்கிட்டா? ஒரே நேரத்துல எல்லாருக்கும் கேக்குமே, ஃப்ரீ வேற.

நல்ல ஆப்தான், சின்ன நிகழ்ச்சிக்கு தாராளமா வைங்க. ஒரு வாய்ட் டெக் (அடுக்குமாடிக்கு கீழ இருக்கற திறந்த தளம்), அம்பது பேர், பக்கத்துல வைஃபைன்னா ரேடியோவே தேவையில்ல. ஆனா அதுவும் அதே டவர் வழியாத்தான் போகுது, டவர் திணறினா அதுவும் திணறும். அப்புறம் ஃபோன் சார்ஜ். தொண்டர் காலைல ஆறு மணிக்கு வந்து ரெண்டு ரீல் பாத்து நாலு லைவ் போட்டா மத்தியானத்துக்குள்ள ஃபோன் படுத்துரும், அவரோட சேந்து உங்க தகவல் தொடர்பும் படுத்துரும்.

ஷாப்பீல பாவ்ஃபெங் ரேடியோ சல்லிசா கிடைக்குதே, பத்து வாங்கி தொண்டர்களுக்கு குடுத்துடலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நாசூக்கா பதில் சொல்றதில்ல. அந்த மாதிரி செட் அகலமான அலைவரிசைல அனுப்பக்கூடியது, பட்டன தப்பா அமுக்கினா யாரோட அலைவரிசைல போய் நிப்பீங்கன்னு உங்களுக்கே தெரியாது. சிங்கப்பூர்ல லைசென்ஸ் இல்லாம அத பேசறது மட்டுமில்ல, வச்சிருக்கறதே தப்பு. "ஊர்ல எல்லாரும் வச்சிருக்காங்க" ன்னு சொல்வாங்க, எந்த ஊர்னு கேளுங்க.

லைசென்ஸ் வேண்டாத செட்டும் இருக்கு, 446 மெகாஹெர்ட்ஸ்ல அரை வாட் சக்தில ஓடற சின்ன வாக்கிடாக்கி. வாங்கறப்ப ஐஎம்டிஏ பதிவு இருக்கான்னு பாருங்க. ஒரு சிசி கட்டடம், ஒரு பார்க், ஒரு பள்ளி மைதானம், இதுக்கெல்லாம் அது போதும். அதத் தாண்டி பெருசா வேணும்னா முறையா லைசென்ஸ் எடுத்த கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுங்க. பெரிய நிகழ்ச்சிங்க அப்படித்தான் நடக்குது, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

அப்படின்னா ஹாம் எதுக்கு? வாடகைக்கே எடுத்துக்கலாமே.

நியாயமான கேள்வி. இங்க நாங்க சின்ன கூட்டம், ஒரு பெரிய நிகழ்ச்சிய முழுசா எங்க தோள்ல தூக்கிக்க முடியாது, அப்படி யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. எங்களால ஆகறது ரெண்டு. ஒண்ணு, முக்கியமான நாலஞ்சு எடத்துல, அதாவது கட்டுப்பாட்டு மேசை, முதலுதவி, ஆரம்பம், முடிவு இங்கெல்லாம் ஒரு தனி இணைப்பு. வாடகை செட் மக்கர் பண்ணா அது நிக்கும். ரெண்டாவது, ரேடியோல எப்படி பேசணும்னு உங்க தொண்டர்களுக்கு ஒரு சாயந்திரம் சொல்லிக்குடுக்கறது. நேர்மையா சொன்னா அந்த ரெண்டாவதுதான் அதிகம் உதவும். நல்ல செட்ட கைல வச்சுக்கிட்டு கச்சாமுச்சான்னு பேசி கெட்டுப்போன நிகழ்ச்சிங்கதான் நான் நிறைய பாத்தது.

லைசென்ஸ் வாங்க மோர்ஸ் கோட் படிக்கணுமாமே? டிட் டா டிட் எல்லாம் என் மண்டைல ஏறாது.

அந்தக் கட்டாயம் அனைத்துலக அளவுல 2003லயே போயிடுச்சு. இப்ப கேக்கறது அடிப்படை மின்னியல், ஆன்டெனா, அலை எப்படி பயணிக்குது, இடைஞ்சல் வராம பாத்துக்கறது, அப்புறம் சட்டதிட்டம். ஓ லெவல் ஃபிசிக்ஸ் ஞாபகம் இருந்தா பயப்பட வேணாம். பரிட்சை, கட்டணம், விண்ணப்பம் பத்தி ஐஎம்டிஏ பக்கத்துல இருக்கறத பாத்துக்குங்க, அது மாறும், நான் இங்க எழுதி வச்சா பழசாயிடும்.

படிக்கறவங்களுக்கு துணை வேணும்னா சார்ட்ஸ்னு கூப்பிடற சிங்கப்பூர் ஹாம் சங்கம் இருக்கு. பிள்ளைங்க சாரணர் இயக்கத்துல இருந்தா இன்னும் சுலபம், அக்டோபர்ல ஜோட்டான்னு ஒரு வாரயிறுதி வரும், உலகம் முழுக்க சாரணருங்க ஹாம் ரேடியோ வழியா பேசிக்குவாங்க. அதுல ஒரு தடவ மைக்க பிடிச்ச பிள்ளைங்கள அப்புறம் நீங்க தள்ளவே வேணாம்.

என்கிட்ட இந்தியா லைசென்ஸ் இருக்கு சார், வியூ-ல ஆரம்பிக்கிற கால்சைன். இங்க வந்து பேசலாம்தானே?

நீங்களா வந்து ஸ்விட்ச் போட்டு பேச முடியாது. இந்தியா லைசென்ஸ் இந்தியாவுக்கு. இங்க பேசணும்னா முதல்ல ஐஎம்டிஏ அனுமதி, அப்புறம்தான் ரேடியோ. செட்ட பெட்டில போட்டு கொண்டு வர்றதுக்கு முன்னாடியே கேட்டுருங்க, சாங்கில இறங்கினப்புறம் கேக்கற கேள்வி இல்ல இது. அதேபோல எங்க லைசென்ஸும் காஸ்வே வரைக்கும்தான். ஜொகூர்ல ஒரு சைக்கிள் நிகழ்ச்சிக்கு உதவப் போறோம்னா அங்க மலேசியாவோட எம்சிஎம்சி ஆணைய விதி, 9எம்2ன்னு கால்சைன் வச்சிருக்கற அந்த ஊர் ஹாம் ஆளுங்களோட சேந்து முறையா பண்ணணும்.

வந்து நிக்கறதுக்கு எவ்வளவு கேப்பீங்க? ஒரு ரேட் சொல்லுங்க.

முதல் பதில்லயே சொன்னேன், காசு ஆசை இல்லாமன்னு. அது மரியாதைக்கு சொல்றதில்ல, விதி. ஹாம் அலைவரிசைல கூலிக்கு வேலை செய்யக்கூடாது. உங்க கம்பெனி விளம்பர நிகழ்ச்சிக்கு நான் ஹாம் ரேடியோ தூக்கிக்கிட்டு வந்தா அது வியாபாரம் ஆயிடும், அதுக்குத்தான் வாடகை செட் இருக்கு. பிரியாணி பொட்டலம் வாங்கிப்போம், ஒரு பாட்டில் தண்ணி, நிழல்ல ஒரு நாற்காலி. நாற்காலிய மறந்துடாதீங்க.

உங்க செட்ட எங்க தொண்டர்கிட்ட குடுத்தா அவரே பேசிப்பாருல்ல, நீங்க ஏன் கூடவே நிக்கணும்?

ஏன்னா லைசென்ஸ் என் பேர்ல இருக்கு, செட்டு பேர்ல இல்ல. அதனால நடைமுறை இப்படி: முதலுதவி பொறுப்பாளர் பக்கத்துல ஒரு ஹாம் நிழல் மாதிரி நிப்பாரு, அவர் சொல்றத இவர் ரேடியோல சொல்வாரு, வர்ற பதில அவர்கிட்ட சொல்வாரு. பாக்க சுத்தி வளைக்கற மாதிரி இருக்கும், ஆனா பொறுப்பாளர் கை காயத்த கட்டிக்கிட்டிருக்கும், காது நோயாளிகிட்ட இருக்கும், ரேடியோவுக்குன்னு தனியா ஒரு ஆள் இருந்தா அவருக்கு எவ்வளவு நிம்மதின்னு ஒரு தடவ பாத்தா புரியும்.

அடுத்தவங்க சார்பா சேதி அனுப்பறதுக்கே கட்டுப்பாடு உண்டு. நாடு விட்டு நாடுன்னா அவசரநிலை, பேரிடர் உதவிக்கு மட்டும்தான்னு அனைத்துலக விதி. உள்ளூர்ல லைசென்ஸ் நிபந்தனைல என்ன இருக்குன்னு நிகழ்ச்சிக்கு ரொம்ப முன்னாடியே படிச்சு, சந்தேகம்னா ஐஎம்டிஏக்கு எழுதிக் கேட்டு பதில கைல வச்சுக்கணும். "யாரு பாக்கப்போறா" ங்கற ஆள் எனக்கு குழுவுல வேணாம்.

5 வாட் செட்டுன்னா எத்தன கிலோமீட்டர் எடுக்கும்?

அட்டைப்பெட்டில போட்டிருக்கற கிலோமீட்டர மறந்துருங்க. நம்ம நிகழ்ச்சிகள்ல புழங்கற 2 மீட்டர் பேண்ட், அதாவது 144 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்கறது, கிட்டத்தட்ட நேர்கோட்டுல போறது. சக்திய விட உயரம்தான் தீர்மானிக்கும். தரைல நிக்கற ஆளோட ஆன்டெனா ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்தா, வெட்டவெளியா இருந்தாலே அதோட ரேடியோ தொடுவானம், அதாவது அலை நேரா எட்டற தூரம், சுமாரா 5 கிலோமீட்டர். அதே ஆன்டெனா 30 மீட்டர் உயரத்துல, பத்தாவது மாடின்னு வைங்க, 22 கிலோமீட்டர். சிங்கப்பூரோட வடக்கு தெற்கு நீளமே அத விட கொஞ்சம்தான் அதிகம். இதுக்கு மாறா 5 வாட்ட 10 வாட் ஆக்கினா 3 டெசிபெல்தான் கூடும், கேக்கறவருக்கு வித்தியாசமே தெரியாது, பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

ஆனா நம்ம ஊர் வெட்டவெளி இல்லியே. தைப்பூச பாதைய எடுத்துக்குங்க, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் 3 கிலோமீட்டருக்கு மேல. கணக்குப்படி கைல இருக்கற செட்டே போதும், ஆனா நடுவுல செலகி, டோபி காட் பக்கம் நிக்கற கட்டடம் எல்லாம் கான்கிரீட்டும் இரும்பும். அந்த மாதிரி பாதைக்கு நடுவுல உயரமான எடத்துல அனுமதியோட ஒரு ஆள நிறுத்தி, இந்தப் பக்கம் கேட்டத அந்தப் பக்கம் திருப்பிச் சொல்ல வைப்போம். ரிப்பீட்டர் இருந்தா அந்த வேலைய மெஷினே செய்யும். எம்ஆர்டி சுரங்கப்பாதைக்குள்ள இறங்கினா கதை முடிஞ்சுது, அதுக்கு கணக்கே வேணாம்.

செலவில்லாம தூரம் கூட்ட வழி இருக்கு. செட்ட இடுப்புல சொருகிக்கிட்டு பேசாதீங்க, உடம்பு பாதி அலைய குடிச்சிரும். முகத்துக்கு நேரா, ஆன்டெனா செங்குத்தா. சத்தம் விட்டு விட்டு வந்தா ரெண்டு எட்டு நகந்து பாருங்க, 2 மீட்டர்ல ஒரு அடி தள்ளி நின்னாலே தெளிவாகும். குட்ட ரப்பர் ஆன்டெனாவுக்கு பதிலா அரை மீட்டர் நீள கால்-அலை (அலைநீளத்துல கால்வாசி) ஆன்டெனா போட்டா நல்ல மாற்றம் தெரியும். கனெக்டர், கேபிள் எல்லாம் சிம் லிம் டவர் பக்கம் தேடுங்க.

எச்டிபி அடுக்குமாடி வீட்ல இருந்துக்கிட்டு ஆன்டெனா எப்படி வைக்கறீங்க?

கஷ்டப்பட்டுத்தான். வெளில நிரந்தரமா எதையும் மாட்ட அனுமதி வேணும், துணி காயப்போடற மூங்கில் கம்புல ஆன்டெனா கட்டிப் பாக்கற ஆசை எல்லாருக்கும் வரும், கீழ விழுந்து யார் தலைலயாவது பட்டா போலீஸ் கேஸ். ஜன்னலுக்கு உள்ளயே கம்பி ஓட்டறது, இல்ல வாரயிறுதில கடற்கரை பக்கம் போய் மரத்தடில உக்காந்துக்கறது, இப்படித்தான் பல பேர் ஓட்டறோம்.

ரேடியோல பேச என்ன பெரிய பயிற்சி? பட்டன அமுக்கினா பேச வேண்டியதுதான.

பட்டன அமுக்கி ஒரு நொடி பொறுத்து பேசணும், அதுவே பாதிப் பேருக்கு வராது. அமுக்கற அதே நேரத்துல பேசினா முதல் வார்த்த காணாமப்போகும், "அனுப்பாதீங்க" ல தொடக்கம் போனா பரவால்ல, "வேணாம் அனுப்பாதீங்க" ல வேணாம் போய் மீதியும் தேஞ்சு "அனுப்புங்க" மாதிரி கேட்டா என்ன ஆகும்னு யோசிங்க. மேளம் அடிக்கற எடத்துல மைக்க உதட்டுல ஒட்டிக்கிட்டு கத்தறாங்க, கத்தினா உடைஞ்சு கேக்கும். ரெண்டு விரல் தள்ளி வச்சு, மேளத்துக்கு முதுகு காட்டி, சாதாரண குரல். காதுக்கு இயர்பீஸ்.

அப்புறம் கட்டுப்பாட்டு மேசைல ஒருத்தர்தான் ராஜா, நெட் கன்ட்ரோல்னு சொல்வோம். யார் பேசணும், யார் காத்திருக்கணும்னு அவர்தான் சொல்வாரு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல அமுக்கினா நாம பேசற எஃப்எம் முறைல பலமான சிக்னல் மட்டும் கேக்கும், இல்லன்னா கீச்சுன்னு ஒரு சத்தம், பலவீனமான சிக்னல்ல வந்தவரு பேசினதே யாருக்கும் தெரியாது, அவரும் சொல்லியாச்சுன்னு நெனச்சுக்குவாரு. அதனாலதான் திருப்பிச் சொல்ற பழக்கம். "முதலுதவிக்கு, கேட் மூணுலேர்ந்து, சக்கர நாற்காலி ஒண்ணு வேணும்." "கேட் மூணுக்கு சக்கர நாற்காலி ஒண்ணு, அனுப்பறேன்." இவ்வளவுதான் பேச்சு. ஆள் பேர் சொல்லி கூப்பிட வேணாம், எடத்து பேர சொல்லுங்க, ஏன்னா மத்தியானம் ஷிப்ட் மாறும், எடம் மாறாது. ஹாம்னா முறைப்படி நடுநடுவுல கால்சைனும் சொல்லணும்.

தமிழ்லயே பேசிக்கலாமா? எங்க ஆளுங்களுக்கு அதுதான் வாட்டம்.

லைசென்ஸ் வேண்டாத உங்க சின்ன செட்ல பேசிக்குங்க. ஆனா கட்டுப்பாட்டு மேசைல ஒரு சீன நண்பரோ மலாய் நண்பரோ இருந்தா ஆங்கிலத்துல வைங்க, அவசரத்துல மொழிபெயர்த்துக்கிட்டு நிக்க முடியாது. எண்ண மட்டும் எந்த மொழின்னாலும் ஒவ்வொரு இலக்கமா சொல்லுங்க. இரைச்சல்ல இருபதும் அறுபதும் ஒண்ணு மாதிரியே கேக்கும், "ரெண்டு, சைபர்" னு சொன்னா குழப்பம் வராது.

பிள்ளை காணாமப்போச்சுன்னா உடனே பேரு, வயசு, ஃபோட்டோ எல்லாம் ரேடியோல சொல்லி தேடலாம்ல?

சீக்கிரம் தேடணும்ங்கறது சரி, ஆனா பேர சொல்லாதீங்க. ஹாம்ல சேதிய மறைச்சு அனுப்பக்கூடாதுன்னே விதி, வாக்கிடாக்கியும் அதே சேனல்ல இருக்கற எவனுக்கும் கேக்கும். பிள்ளை பேர் தெரிஞ்ச அன்னிய ஆளு "வா கண்ணு, அம்மா கூப்பிடறாங்க" ன்னு பேர் சொல்லி கூப்பிட்டா அது கூடப் போயிரும். அதனால மஞ்சள் பாவாடை, வெள்ளிக் கொலுசு, சுமாரா அஞ்சு வயசு, கடைசியா பாத்தது பலூன் கடை பக்கம், இது போதும். பேரும் அம்மா நம்பரும் கட்டுப்பாட்டு மேசைல காகிதத்துல. பிள்ளை கிடைச்சவுடன "கிடைச்சுது" ன்னு ஊருக்கே அறிவிக்காம மேசைக்கு மட்டும் சொல்லுங்க, அம்மா வந்து கைல வாங்கற வரைக்கும் வாசல் ஆளுங்க நகரக்கூடாது.

மயக்கம், நெஞ்சுவலிக்கும் இதேதான், ஓட்டக்காரர்னா மார்ல ஒட்டியிருக்கற நம்பர், இல்லன்னா எடமும் நிலைமையும். அதோட முதல்ல 995 அடிங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடறது ஃபோனோட வேலை, வந்த ஆம்புலன்ஸுக்கு எந்த வாசல் திறந்திருக்குன்னு சொல்லி வழி ஒதுக்கறது ரேடியோவோட வேலை.

பேட்டரி ஒரு நாள் தாங்குமா?

கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தா தாங்கும், அனுப்பறப்பதான் குடிக்கும். அதிகம் பேசறது நெட் கன்ட்ரோல், அவருக்கு ரெண்டு பேட்டரி கூடுதலா. பக்கத்துல கேக்கற எடத்துக்கு குறைஞ்ச சக்தில பேசுங்க. சார்ஜர் இருக்குன்னு நம்பி வராதீங்க, விழா எடத்துல இருக்கற ப்ளக் எல்லாத்தயும் சவுண்டு சிஸ்டம்காரர் பிடிச்சிருப்பாரு.

எவனாச்சும் வேணும்னே நடுவுல பாட்டு போட்டு கலாட்டா பண்ணா? இல்ல போலீஸ் சேனல் கேட்டு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாமா?

கலாட்டா பண்றவனுக்கு வேண்டியது பதில், அத குடுக்காதீங்க, திட்டவும் திட்டாதீங்க. முன்னாடியே ஒரு மாற்று சேனல் முடிவு பண்ணி அட்டைல எழுதி எல்லார் கழுத்துலயும் தொங்கவிட்டிருந்தா "அட்டைய பாருங்க" ன்னு ஒரு வார்த்த போதும், எல்லாரும் நகந்துருவாங்க. தொடர்ந்தா நேரத்த குறிச்சு வச்சு புகார் குடுங்க. போலீஸ் சேனல் ஆசைய விட்டுருங்க, அது உங்களுக்கானது இல்ல, அதுக்கு ஸ்கேனர் தேடறதே வம்பு.

பேரிடர்ல ஹாம் உதவும்னு சொல்றதெல்லாம் கதையா, நெஜமா நடந்திருக்கா?

நடந்திருக்கு, நம்ம பக்கத்துலயே. 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்ங்கற இந்திய ஹாம் தலைமைல ஒரு குழு அந்தமான் போர்ட் பிளேர்லேர்ந்து பேச போயிருந்துது, ரொம்ப வருஷமா ஹாம் யாரும் பேசாத எடம்ங்கறதால அவங்களோட பேசிட உலகம் முழுக்க ஹாம் ஆளுங்களுக்குள்ள போட்டி. 26ந்தேதி சுனாமி வந்து வழக்கமான தொடர்பு அறுந்துபோனப்ப, பொழுதுபோக்குக்கு கொண்டு போன அதே செட்ட வச்சு தீவுக்கும் வெளிக்கும் சேதி கடத்தினாங்க. பாஸ்டன் பத்தி ரெண்டாவது கேள்வில சொன்னதும் இதுவும் ஒரே மாதிரிதான், ஆள் ஏற்கனவே அங்க, செட்டு ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கு.

அவசரம்னா லைசென்ஸ் இல்லாதவங்களும் பேசலாம்னு சட்டமே இருக்காமே? அப்ப ஆளுக்கொரு செட்டு வாங்கி "அவசரத்துக்கு" ன்னு வச்சுக்கலாம்ல?

இத யூட்யூப் பாத்துட்டு கேக்கறாங்க, பேசறவர் அமெரிக்கால இருந்து பேசறாரு. உயிர் போற நேரத்துல, வேற வழியே இல்லாம, பக்கத்துல கிடந்த செட்ட எடுத்து ஒருத்தர் உதவி கேட்டா அவர யாரும் குத்தம் சொல்லப்போறதில்ல. அதுக்காக அத முன்கூட்டியே திட்டமா போடமுடியாது, ஏன்னா மேல பாவ்ஃபெங் பதில்ல சொன்ன மாதிரி வச்சிருக்கறதே பிரச்சின. இந்த ஊர்ல விழா நடக்கற எடத்துல 995 போகாத நிலைமை ரொம்ப அபூர்வம்.

இன்னொண்ணு, ஒரு நாள்கூட பேசிப் பழகாத ஆளு அவசரத்துல செட்ட எடுத்தா எந்த சேனல்ல யார் கேக்கறாங்கன்னே தெரியாது, காத்தோட பேசிக்கிட்டிருப்பாரு. உண்மையாவே ஆசை இருந்தா பரிட்சை எழுதிட்டு வாங்க. அது வரைக்கும் அடுத்த விழால அரை வாட் செட்டோட ஒரு வாசல்ல நில்லுங்க, நெட் கன்ட்ரோல் மேசைக்கு பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்து கேளுங்க. காகிதமும் பேனாவும் கொண்டு வாங்க, எங்ககிட்ட எப்பவும் பேனாதான் இருக்காது.